ஏழு நிமிட இங்கிலீஷ்

லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்கள் அழுத்தும் மணி எங்கே போய் அடிக்கும் என்று பெங்களூரில் பலருக்குத் தெரியாது. வாட்ச்மேன் அறையில் அடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் கம்பெனி பார்த்துக்கொள்ளும் லிஃப்ட் என்றால் அது என் காதில் வந்து அடிக்கும். பிரேசர் டவுனில், ஒரு பேக்கரிக்கு மேலே மூன்றாவது மாடியில், நான்கு மேசை போட்ட அறை. பகல் ஷிப்ட்டில் இரண்டாவது மேசை என்னுடையது. பெயர் மெர்சி, வயது நாற்பத்து மூன்று, சொந்த ஊர் கோலார் தங்கவயல், பத்தாவது வரை தமிழ் மீடியம். கடைசியாகச் சொன்னதை மட்டும் ஆபீசில் யாரிடமும் சொன்னதில்லை.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவதில்லை. மணி அடித்ததும் லைனை எடுக்க வேண்டும். உள்ளே இருப்பவரிடம் சில கேள்விகள் கேட்டு, ஆபத்தா இல்லையா என்று கண்டுபிடிக்க வேண்டும். குழந்தை தனியாக இருந்தாலோ, நோயாளி இருந்தாலோ, மூச்சு முட்டுகிறது என்றாலோ திரையில் சிவப்பை அழுத்த வேண்டும். அழுத்தினால் பக்கத்தில் இருக்கும் மெக்கானிக் கையில் உள்ள வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார். மற்றவர்களுக்கு மஞ்சள். மஞ்சளுக்கு மெக்கானிக் வரிசைப்படி வருவார். சிவப்பா மஞ்சளா என்று முடிவு செய்வது நான். அதற்கு நான் பயந்ததே இல்லை. பயமெல்லாம் இங்கிலீஷுக்குத்தான்.

இங்கிலீஷ் வராது என்று நினைக்க வேண்டாம். பீன்யாவில் பேக்கிங் வேலை பார்த்த பத்து வருஷமும் பஸ்ஸில் போக வர அகராதி படித்தவள் நான். விசாரிக்கிறோம் என்பதற்கு ‘இன்வெஸ்டிகேட்’, சகித்துக்கொள்ளுங்கள் என்பதற்கு ‘டாலரேட்’ என்று நல்ல கனமான வார்த்தைகளாகப் பொறுக்கி வைத்திருந்தேன். அதுதான் வினையாகப் போயிற்று. எங்கள் போன் பதிவுகளைக் கேட்டுத் திருத்துகிற ஷ்ரேயாஸ் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். இருபத்தாறு வயது, வயதுக்கு அவன், பதவிக்கு அவர். மைசூர்ப் பக்கத்துக்காரர், என்னோடு பேசும்போது கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பார்.

“மெர்சி மேடம், பேஜார் பண்ணிக்க வேணாம். நீங்க பேசறது தாசில்தார் ஆபீஸ் லெட்டர் மாதிரி இருக்கு. இப்ப யாரும் இன்வெஸ்டிகேட் பண்றதில்ல. லுக் இன்டு பண்றாங்க. டாலரேட் பண்றதில்ல. புட் அப் வித் பண்றாங்க.”

“ஓகே சார்” என்றேன். ஒன்றும் புரியவில்லை.

அவர் ஓர் அட்டை கொடுத்தார். பிளாஸ்டிக் உறை போட்டது, இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பது சொற்கள். எல்லாம் சின்னச் சின்ன வினைகள், பின்னால் ஒரு துக்கடா. லுக் என்றால் பார். பின்னால் இன்டு போட்டால் விசாரி, ஆஃப்டர் போட்டால் கவனித்துக்கொள், டவுன் ஆன் போட்டால் ஏளனம் செய். புட் என்றால் வை. ஆஃப் போட்டால் தள்ளிப்போடு, அவுட் போட்டால் அணை, அப் வித் போட்டால் சகித்துக்கொள். வைப்பதற்கும் சகிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் ஷ்ரேயாஸுக்கே தெரியாது. பஸ்ஸில் உட்கார்ந்து முணுமுணுப்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் ஜெபம் பண்ணுகிறேன் என்று கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள்.

முதலில் ஆத்திரமாக வந்தது. பிறகு யோசித்தேன், நம்முடைய ‘பார்’ மட்டும் என்ன ஒழுங்கு? பிள்ளையைப் பார்த்துக்கொள் என்கிறோம். உன்னை ஒரு கை பார்த்துவிடுகிறேன் என்று மிரட்டுகிறோம். சொல்லிப்பார், கேட்டுப்பார், தொட்டுப்பார் என்கிறோமே, அதிலெல்லாம் கண்ணுக்கு என்ன வேலை? வந்துவிட்டான், வந்துபோனான், வந்து தொலைத்தான், மூன்றும் ஒன்றா? ஆனால் இதையெல்லாம் யாரும் அட்டை போட்டு மார்க் வைக்கவில்லை. அம்மா வாயிலிருந்து வந்ததற்குப் பயமில்லை, அட்டையிலிருந்து வந்ததற்குப் பயம்.

மார்க் போடுவது மனுஷர் இல்லை, கம்ப்யூட்டர். பத்துக்கு இத்தனை என்று ஒவ்வொரு போன் காலுக்கும் போடும். அட்டையில் உள்ளதில் குறைந்தது ஆறு சொற்கள் வர வேண்டும். ஐந்து விநாடிக்கு மேல் நாம் பேசாமல் இருந்தால் மார்க் குறையும். உள்ளே இருப்பவர் தானாகக் கேட்டால் தவிர, இங்கிலீஷை விட்டு வேறு பாஷைக்கு மாறக் கூடாது. மாதச் சராசரி ஏழுக்குக் கீழே போய், அப்படியே மூன்று மாதம் இருந்தால் வேலை போய்விடும். மே மாதம் எனக்கு ஆறு புள்ளி நான்கு. ஜூனில் ஆறு புள்ளி ஒன்று. இது நடந்தது ஜூலையில்.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு மணி அடித்தது. ஹென்னூர் ரோட்டில் ஓர் அபார்ட்மென்ட், பி பிளாக், ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றிருக்கிறது என்று திரை காட்டியது. கரண்ட் போனால் பேட்டரியில் நகர்ந்து பக்கத்து மாடியில் கதவு திறக்க வேண்டும். அன்றைக்கு அந்தப் பேட்டரி கைவிட்டுவிட்டது.

“ஹலோ மேடம். லிஃப்ட் ஸ்டாப்டு மேடம். ப்ளீஸ் ஹெல்ப் மேடம்” என்றது ஒரு பெண் குரல். அழகான உச்சரிப்பு. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“ப்ளீஸ் காம் டவுன். ஐ ஆம் மெர்சி. வி வில் சார்ட் இட் அவுட்” என்றேன். பதறாதீர்கள், சரிசெய்துவிடுவோம். அட்டையில் இரண்டு ஆயிற்று.

“ஓகே மேடம்.”

“ஆர் யூ ஹோல்டிங் அப் ஆல்ரைட்?” தாக்குப்பிடிக்கிறீர்களா என்று அர்த்தம்.

“ஓகே மேடம். தாங்க்யூ மேடம்.”

“இஸ் எனிபடி பாஸிங் அவுட்?” யாருக்காவது மயக்கம் வருகிறதா?

“ஓகே மேடம்.”

மயக்கம் வருகிறதா என்ற கேள்விக்கு ‘ஓகே’ என்பது என்ன பதில்? இன்றைக்குக் கேட்கிறேன். அன்றைக்குக் கேட்கவில்லை. எல்லோரும் ஓகே என்று எடுத்துக்கொண்டேன். திரையில் மஞ்சளை அழுத்தினேன். எங்கள் மெக்கானிக் நாகேஷ் அப்போது கம்மனஹள்ளியில் ஒரு வேலையை முடித்திருந்தார். ஹென்னூர் ரோட்டுக்கு அங்கிருந்து பைக்கில் பத்தே நிமிடம். ஆனால் மஞ்சள் வரிசையில் முதலில் இருந்தது அல்சூரில் ஒரு துணிக்கடை, ஆளில்லாமல் நின்றுபோன லிஃப்ட். வரிசைப்படி அவரை அந்தப் பக்கம் அனுப்பினேன்.

மஞ்சள் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் பேசித் தைரியம் சொல்ல வேண்டும் என்பது விதி. அன்று எனக்கு வாய் அப்படி வந்தது. ஹேங் ஆன் என்றேன், டோன்ட் கிவ் அப் என்றேன், சம்படி வில் டர்ன் அப் சூன் என்றேன். பொறுங்கள், மனம் தளராதீர்கள், சீக்கிரம் ஆள் வந்துவிடும். ஒவ்வொன்றும் தடுக்காமல் வந்து விழுந்தது. உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்றாவது மாதம் தப்பித்துவிடுவேன் போலிருக்கிறதே என்று உள்ளே ஒரு மெர்சி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் நான் மூச்சு விடும்போதெல்லாம் “ஓகே மேடம்” என்று வந்துகொண்டிருந்தது.

ஏழாவது நிமிடம் முடிக்கப் போனேன். அப்புறமாகக் கூப்பிட்டு எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிக்கிறேன் எனச் சொல்ல வேண்டும். ‘செக்’ என்று தொடங்கும், அதுவரை ஞாபகம் இருந்தது. பின்னால் என்ன? செக் இன் ஓட்டலுக்கு. செக் அவுட்டும் ஓட்டலுக்கு. அட்டையைத் தேடினேன். டீ டம்ளருக்கு அடியில் போயிருந்தது. வாய் அடைத்துவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று விநாடிகள் போயின. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு போன் காலில் நான் அவ்வளவு நேரம் வாயை மூடியதில்லை.

அப்போதுதான் கேட்டது. மூச்சுச் சத்தம். அந்தப் பெண்ணுடையது இல்லை. உள்ளே போக இடமில்லாமல் கீச்சுக் கீச்சென்று இழுத்துக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, போனுக்கு இல்லாமல் வேறு யாருக்கோ, மெதுவாக ஒரு குரல்.

“ஐயா, கண்ண மூடாதீங்க ஐயா. என்னையே பாருங்க. இன்னும் கொஞ்சம் இருக்குது ஐயா, முள்ளு இன்னும் கீழ வரல.”

அந்த ‘ஓகே மேடம்’ யாருடையது என்று அந்த நொடியில் தெரிந்துபோயிற்று. அது என்னுடையது. ஷ்ரேயாஸ் முன்னால் உட்கார்ந்து நான் சொல்கிற ‘ஓகே சார்’. புரியவில்லை, ஆனால் புரியவில்லை என்று சொல்லப் பயமாக இருக்கிறது என்பதற்கு எங்களைப் போன்றவர்கள் வைத்திருக்கும் வார்த்தை. நான் ஏழு நிமிடமாக அட்டையில் இருந்து பேசியிருக்கிறேன், அவளும் யாரோ கொடுத்த அட்டையில் இருந்துதான் பேசியிருக்கிறாள்.

உடனே தமிழில் பேசினேன் என்று சொல்ல ஆசைதான். பேசவில்லை. அந்த நேரத்திலும் முதலில் வந்து நின்றது ஆறு புள்ளி ஒன்று. அவள் தமிழ் கேட்கவில்லையே, நானாக மாறினால் போய்விடுமே என்று இரண்டு மூன்று விநாடி யோசித்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் நடந்தது.

“ஏம்மா, நீங்க தமிழா?” என்றேன்.

அந்தப் பக்கம் ஓவென்று அழுகை வந்தது.

“அக்கா... ஐயாவுக்கு மூச்சு இழுக்குதுக்கா. சிலிண்டர் தீரப்போவுது. யாரையாச்சும் அனுப்புங்கக்கா.”

ஏழு நிமிடத்தில் தெரியாதது அரை நிமிடத்தில் தெரிந்தது. பெயர் தனலக்ஷ்மி, குடியாத்தம். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புகிற ஏஜென்சி மூலம் வந்தவள். அவள் பார்த்துக்கொள்வது சந்திரசேகரன் என்பவரை, எழுபத்தெட்டு வயது, கும்பகோணத்துக்காரர், நுரையீரல் கெட்டுப்போய் எந்நேரமும் மூக்கில் ஆக்சிஜன் குழாய். மகன் ரகுராம் ஆபீசுக்குப் போயிருக்கிறார். டாக்டரிடம் காட்டக் கிளம்பி, சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு இறங்கியிருக்கிறாள். கையில் இருப்பது வழிக்கான சின்ன சிலிண்டர். அதன் முள் சிவப்புக் கோட்டுக்கு வந்துவிட்டது. ஆக, ஒரு லிஃப்ட்டுக்குள் இரண்டு தமிழர்கள், போனில் ஒரு தமிழச்சி. ஏழு நிமிடமாக அவ்வளவு பேரும் இங்கிலீஷ்.

சிவப்பை அழுத்திவிட்டு, அடுத்த லைனில் நாகேஷைப் பிடித்தேன்.

“அண்ணா, எங்க இருக்கீங்க?”

“அல்சூருக்குத்தாம்மா போயிட்டிருக்கேன். மேம்பாலத்து மேல முழு ஜாம். ஏன்?”

“திரும்புங்கண்ணா. ஹென்னூர் ரோடு. உள்ள பேஷண்ட், ஆக்சிஜன் தீருது.”

“பாலத்து மேல எங்கம்மா திரும்புறது? இறங்கித்தான் வரணும். ஏம்மா, நான் கம்மனஹள்ளிலதானே இருந்தேன்? யாரு இந்தப் பக்கம் அனுப்பிச்சது?”

“சீக்கிரம் வாங்கண்ணா” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த லைனுக்குப் போனேன்.

பக்கத்து மேசைப் பெண் ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். நான் அபார்ட்மென்ட் செக்யூரிட்டி ஜெயராமனைப் பிடித்தேன். வீட்டில் இன்னொரு சிலிண்டர் இருக்கிறது, ஒன்பதாவது மாடி, எடுத்து வையுங்கள் என்றேன். வீடு பூட்டியிருந்தது. சாவி தனலக்ஷ்மியின் பையில், லிஃப்ட்டுக்குள். நாகேஷ் வர இருபத்து நான்கு நிமிடம் என்று திரை காட்டியது. “முள்ளு எங்கம்மா இருக்கு?” என்று கேட்டேன். “சிவப்புல பாதி தாண்டிடுச்சுக்கா” என்றாள். கணக்குப் போட எனக்குத் தைரியம் வரவில்லை.

பதினொன்றரைக்கு ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. அது வந்த பிறகுதான் பயம் இன்னும் அதிகமாயிற்று. ஏழாவது மாடியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆக்சிஜன் இந்தப் பக்கம், ஆள் அந்தப் பக்கம், நடுவில் ஒரு கதவு. ஜெயராமன் போனில் கத்தினார்.

“மேடம், கடப்பாரை இருக்கு. நாலு பேர் நெம்பினா தொறந்துடும். தொறந்து தூக்கிடறோம்.”

“தொடாதீங்க” என்றேன்.

“உள்ள ஆள் சாவறாரு மேடம்!”

“தொடாதீங்க அண்ணா. லிஃப்ட் நடுவுல நிக்குது. ஆளைப் பாதி இழுக்கிறப்ப அது நகர்ந்துச்சுன்னா என்ன ஆவும்னு தெரியுமா? மெக்கானிக் வந்து பவரை நிறுத்தற வரைக்கும் யாரும் கதவுல கை வைக்கக் கூடாது.”

அப்படி நகர்ந்த ஒன்றைப் பற்றிப் பயிற்சியில் படம் காட்டியிருக்கிறார்கள். நான் சொன்னது சரிதான். ஆனால் சரி என்பது அந்த நேரத்தில் எந்தத் தைரியத்தையும் கொடுக்கவில்லை. நானே அவரைக் கதவுக்கு உள்ளே வைத்துப் பூட்டிவிட்டதாகத்தான் இருந்தது. யாராவது என் கையிலிருந்து இதை வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்று அறையைச் சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தனலக்ஷ்மியோடு விடாமல் பேசினேன், எனக்கு ஊர் கேஜிஎஃப், தங்கவயல் என்றும் சொன்னேன். நான் அவளுக்கு வைத்தியம் எதுவும் சொல்லவில்லை, எனக்கு என்ன தெரியும்? அவளுக்கே தெரிந்திருந்தது. அவரை முன்பக்கம் சாய்த்து, தன் தோளில் அவர் தலையைத் தாங்கிக்கொண்டு முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நாகேஷ் எங்கே வந்துவிட்டார் என்று நான் சொல்லச் சொல்ல அவள் அதை அவர் காதில் சொன்னாள். பாலத்தை விட்டு இறங்கிட்டாரு ஐயா. லிங்கராஜபுரம் வந்துட்டாரு ஐயா. ஒரு தடவை அவர் ஏதோ கேட்டது எனக்கே கேட்டது. “யா...ரு?” என்றார். “கேஜிஎஃப் அக்கா ஐயா, போன்ல இருக்காங்க” என்றாள். “விட்டுடப்... போறா” என்றார். போனை வைத்துவிடப் போகிறாள், பிடித்துக்கொள் என்று பயந்தாரா, அவரையே விட்டுவிடப் போகிறேன் என்று பயந்தாரா, தெரியவில்லை.

“வெக்க மாட்டேன் ஐயா” என்று கத்தினேன். மற்ற மேசைகளில் எல்லோரும் திரும்பினார்கள்.

பதினொன்று முப்பத்தாறுக்கு அவள் சொன்னாள், “அக்கா, முள்ளு கீழ உக்காந்துடுச்சு.”

அதுவரை பின்னால் லேசாக உஸ்ஸென்று ஒரு சத்தம் இருந்திருக்கிறது. ஃபேன் என்று நினைத்திருந்தேன். அது நின்றபோதுதான் அது சிலிண்டர் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு அவருடைய மூச்சு மட்டும், ஒன்று வந்து அடுத்தது வருமா வராதா என்று. நானும் அதோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கர்த்தரே, கர்த்தரே என்று உதடு மட்டும் அசைந்தது. ஐந்து நிமிடம் கழித்து, “ஐயா பேச மாட்டேங்குறாரு, கையப் புடிச்சா புடிக்க மாட்டேங்குறாரு” என்றாள். நான் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

நாகேஷ் பதினொன்று நாற்பத்தொன்றுக்கு உள்ளே நுழைந்து, பன்னிரண்டு மாடி படியேறி மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் ரூமுக்குப் போனார். பவரை நிறுத்திவிட்டு, பிரேக்கைக் கையால் தளர்த்தி, லிஃப்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். அவசரப்பட்டால் ஓடிவிடும். அவருக்கு வயது ஐம்பத்தைந்து. படியேறிய மூச்சிரைப்பு அவருடைய போனில் ஒரு காதில், பெரியவருடைய மூச்சு இன்னொரு காதில். “அக்கா, நகருது, நகருதுக்கா” என்று தனலக்ஷ்மி கத்தினாள். பிறகு கதவு திறக்கிற சத்தம், கன்னடத்திலும் ஹிந்தியிலும் ஒரே கூச்சல், யாரோ “பல்ஸ் இதே, பல்ஸ் இதே” என்றார்கள். நாடி இருக்கிறது. பதினொன்று நாற்பத்தொன்பது.

லைனை வெட்ட எனக்குக் கை வரவில்லை. காலி லிஃப்ட்டின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஓடி வருகிற காலடி. பையை எடுக்க வந்திருக்கிறாள்.

“அக்கா, இருக்கீங்களா?”

“இருக்கேம்மா.”

“ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டாங்க. நானும் போறேன்.” பையை எடுக்கிற சத்தம் கேட்டது. “நீங்க மொதல்லயே தமிழ்ல பேசியிருந்தா, நான் மொதல்லயே அழுதிருப்பேங்க்கா.”

குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். போய்விட்டாள்.

அடுத்த நாள் காலை ஷ்ரேயாஸ் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். பெரியவர் ஐசியூவில் இருக்கிறார், பிழைத்துவிடுவார் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிறகு ரகுராம் அனுப்பிய மெயிலைப் படித்துக் காட்டினார். மரியாதையான மெயில்தான். முப்பத்தொன்பது நிமிடம் ஏன் ஆயிற்று? கூட இருந்த பெண் நிலைமையைச் சரியாகச் சொல்லவில்லையா? சொல்லவில்லை என்றால் எழுத்தில் தெரிவிக்கவும். அதுவரை அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று ஏஜென்சியில் சொல்லியிருக்கிறோம்.

ஷ்ரேயாஸ் திரையைத் திருப்பினார். முதல் ஏழு நிமிடத்துக்குக் கம்ப்யூட்டர் மார்க் போட்டிருந்தது. ஒன்பது புள்ளி மூன்று. நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவ்வளவு வாங்கியதில்லை. மீதி முப்பத்திரண்டு நிமிடத்துக்கு, மதிப்பிட இயலவில்லை என்று போட்டிருந்தது. அவர் முகம் சின்னதாகிவிட்டிருந்தது. பாவம், அவரும் பயந்துதான் போயிருந்தார்.

“கேளுங்க மேடம்” என்று பதிவை ஓட்டினார்.

என் குரல்தான். எங்கும் தடுக்காத, யாரோ படித்த வீட்டுப் பெண்ணின் குரல். டோன்ட் வொர்ரி, வி ஆர் லுக்கிங் இன்டு இட் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் ஏதோ இருந்தது. நிறுத்தச் சொன்னேன். பின்னால் போகச் சொன்னேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு சத்தத்தைக் கூட்டினேன். ஒரு நிமிடம் நாற்பதாவது விநாடி. போனுக்கு எட்டாத தூரத்தில் இருந்து, அழுகையை அடக்கிக்கொண்டு, “யாராச்சும் வாங்களேன், ஐயாவுக்கு மூச்சு வரல.” அதன் மேலேயே நான் பேசிக்கொண்டு போயிருந்தேன். நான் நிறுத்தியதும் அவள் உடனே போன் பக்கம் திரும்பி, “ஓகே மேடம்” என்றாள். மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அது அங்கேயே இருந்தது.

“ஃபார்ம்ல தாமதத்துக்குக் காரணம் எழுதணும் மேடம்” என்றார் ஷ்ரேயாஸ். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். “உள்ளே இருந்தவர் ஓகே என்று உறுதி செய்தார்னு எழுதிடலாம். பொய் இல்ல. ரெக்கார்டிங்ல பதிமூணு தடவை ஓகே இருக்கு. உங்களுக்கும் ஒண்ணும் ஆகாது, கம்பெனிக்கும் ஒண்ணும் ஆகாது.”

பொய் இல்லைதான். எழுதினால் என் வேலை நிற்கும், ஒன்பது புள்ளி மூன்றும் சேர்ந்தால் இந்த மாதச் சராசரியும் ஏறும். தனலக்ஷ்மி குடியாத்தத்துக்குப் பஸ் ஏறுவாள், சரியாகச் சொல்லத் தெரியாமல் ஒரு பெரியவரைச் சாகக் கொடுக்கப் பார்த்தவள் என்ற பெயரோடு. நாற்பத்து மூன்று வயதில் எனக்கு இன்னொரு வேலை யார் கொடுப்பார்கள்? மறுபடி பேக்கிங்கில் நிற்க முழங்கால் தாங்குமா? பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

பிறகு எழுதினேன். அட்டையில் இருந்து எதையும் எடுக்கவில்லை. அகராதியில் இருந்தும் எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், இரண்டே வரி.

ஷ்ரேயாஸ் படித்துப் பார்த்தார். “மேடம், இத அனுப்பினா...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

“தெரியும் சார்” என்றேன். இந்த முறை தெரிந்துதான் சொன்னேன்.

நான் எழுதியது இதுதான்: ஒரு நிமிடம் நாற்பதாவது விநாடியில் தனலக்ஷ்மி உதவி கேட்டார். அப்போது நான் பேசிக்கொண்டிருந்தேன்.